தாய்மாமன் அடங்கும் லென்ஸ்

பதுளையோடு தண்டவாளம் முடிந்துவிடுகிறது. ரயில் நின்றதும் எல்லோரும் இறங்கினார்கள். மலைகள் மட்டும் நாலு பக்கமும் நின்றபடி எங்களை வேடிக்கை பார்த்தன. நடைமேடையில் பெட்டியைப் போட்டு அதன்மேல் உட்கார்ந்து, வழியெல்லாம் எடுத்த படங்களை கேமராத் திரையில் ஓட்டினேன். முதல் படம் கறுப்பு. அடுத்ததும் கறுப்பு. தேயிலைச் சரிவில் மூடுபனி வெள்ளைப் பசுவைப்போல மேய்ந்துகொண்டிருந்ததே, அதுவும் கறுப்பு. சுரங்கத்துக்குள் எடுத்த படத்துக்கும் வெயிலில் எடுத்த படத்துக்கும் ஒரு வித்தியாசமும் இல்லை.

லென்ஸ் மூடியை நான் கழற்றவே இல்லை.

ரேஞ்ச்ஃபைண்டர் கேமராவின் குணம் அது. மற்ற கேமராக்களில் லென்ஸ் வழியாகத்தான் உலகம் தெரியும். மூடியிருந்தால் இருட்டாகிக் காட்டிக்கொடுத்துவிடும். இதில் பார்ப்பதற்கென்று மூலையில் தனியாக ஒரு சின்ன ஜன்னல். லென்ஸ் குறட்டை விட்டுத் தூங்கினாலும் ஜன்னலில் மலை தெரியும், ஆறு தெரியும், கையசைக்கும் பிள்ளைகள் தெரியும். எடுத்தவுடன் திரையைப் பார்ப்பது கலைக்கு அவமரியாதை என்று நானே ஒரு விதி வைத்துக்கொண்டு, திரையை அணைத்தும் வைத்திருந்தேன்.

எதிர் இருக்கையில் வந்த சிங்கள அம்மாள் என் முகத்தைப் பார்த்துவிட்டுத் தன் கணவரிடம் ஏதோ சொன்னார். பக்கத்தில் மூட்டை இறக்கிக்கொண்டிருந்தவர் சிரித்தார். அம்மாள் என்ன சொன்னார் என்று அவரிடம் கேட்டேன்.

"இந்த ஆளு அப்புத்தளையிலேருந்து மூடியோடதான் எடுத்துக்கிட்டு வர்றாரு, சொல்லலாம்னு பாத்தேன், ஒருவேள இந்தியாவுல அப்புடித்தான் எடுப்பாங்களோன்னு விட்டுட்டேன்னு சொல்லுறாங்க."

நான் போனது கல்யாணத்துக்கு. என் மாமனார் குடும்பம் அந்தக் காலத்தில் கப்பலேறித் திருச்சிக்கு வந்துவிட்டது. அவருடைய மனைவியின் அக்கா குடும்பம் ஸ்பிரிங்வெளித் தோட்டத்திலேயே தங்கிவிட்டது. அந்த வீட்டுப் பெண் பார்வதி என் மனைவிக்கு அக்கா முறை, எனக்கு மதினி. மதினியின் இளைய மகள் தர்சினிக்குத்தான் கல்யாணம். என் மனைவிக்குப் பள்ளிக்கூடத்தில் பரீட்சை நேரம். கல்யாணத்துக்குக் கொடுக்கவேண்டிய சேலைகளை என் பெட்டியில் அடுக்கிவிட்டு ஒரே ஒரு உத்தரவு போட்டாள்: "அக்கா சொல்றதைச் செய்யுங்க. யாருக்கும் கவிதை சொல்லாதீங்க."

கேமரா விஷயம் அவளுக்குப் பாதிதான் தெரியும். சென்னையில் பழைய கேமராக்கள் விற்கும் நண்பன் ரபீக், டிஜிட்டல் ரேஞ்ச்ஃபைண்டர் ஒன்றையும் இரண்டு அகலக்கோண லென்ஸ்களையும் என் கையில் கொடுத்து அனுப்பியிருந்தான். ஒன்று இருபத்தெட்டு மில்லிமீட்டர், இன்னொன்று இருபத்தொன்று. எண் குறையக் குறைய அகலம் கூடும். "ரெண்டையும் போட்டுப் பாரு. ஒன்ன வச்சுக்க, ஒன்னத் திருப்பிக் குடு," என்றான். "இருபத்தெட்டுன்னா கூட்டத்துல நீயும் ஒருத்தன். இருபத்தொன்னுன்னா கூட்டமே ஒன் மடியில வந்து உக்காந்துரும். ஒனக்கு இருபத்தெட்டுதான்."

எனக்கும் அதுதான் தோன்றியது. இருபத்தெட்டு ஒரு நெல்லிக்காய் அளவுதான். பையில் போட்டால் மறந்துபோகும். ஐம்பதை நெருங்கும் ஒருவனுக்கு மறந்துபோகிற சுமைதான் நல்ல சுமை.

*

பதுளைக் கடைத்தெருவில் தேநீர்க்கடை தேடினேன். உலகத்துக்கே தேயிலை அனுப்பும் மலையில் நிற்கிறோம், முதல் மிடறிலேயே கண் சொருகும் என்று காத்திருந்தேன். வந்தது பால்மா கரைத்த, திருச்சி ஆஸ்பத்திரிக் கேண்டீனை நினைவுபடுத்துகிற ஒரு திரவம்.

"நல்ல தூளு?" என்று கேட்டேன்.

"அது ஏத்துமதிங்க," என்றார் கடைக்காரர், ஏதோ தன் மூத்த மகன் வெளிநாட்டில் இருப்பதைச் சொல்வதுபோல. அத்தோடு கொடுத்த உளுந்து வடை ஏற்றுமதி ஆகாமல் இருந்தது என் அதிர்ஷ்டம்.

ஸ்பிரிங்வெளி பஸ்ஸில் உட்கார இடம் கிடைக்கவில்லை. என் கேமராப் பை மட்டும் உட்கார்ந்தது, முன்பின் தெரியாத ஒரு பெரியம்மாவின் மடியில். "குடுங்க, நான் வச்சிக்கிறேன்" என்று வாங்கிக்கொண்டார். நம்மூர் டவுன் பஸ்ஸிலும் பை வாங்கி வைத்துக்கொள்வார்கள்; ஆனால் இவர் அதைத் தட்டித் தூங்கவைத்தார். ஒரு வளைவில் தேயிலைக் கொழுந்து ஏற்றிய லொறி எதிரே வந்தது. இரண்டும் ஒன்றுக்கொன்று மூக்கை உரசிக்கொண்டு நிற்க, பஸ்ஸில் பாதிப்பேர் இறங்கி ஆலோசனை சொன்னார்கள். பின்னால் எடு என்று சிங்களத்தில் சிலர், வேணாம் வேணாம் என்று தமிழில் சிலர். சாரதி எல்லோருக்கும் பொதுவாக ஏதோ சொல்ல, கூட்டம் சிரித்தபடி ஏறிக்கொண்டது. "இவ்வளவு சாரதிங்க இருக்கீங்கன்னு தெரிஞ்சிருந்தா நான் லீவு போட்டிருப்பேனே" என்றாராம்.

படம் எடுக்கவில்லை. பெரியம்மாவின் மடியில் கேமரா தூங்கிக்கொண்டிருந்தது.

*

மதினியின் வீடு லயத்தின் நடுவில் இருந்தது. ஒரே கூரையின் கீழ் வரிசையாகக் குடும்பங்கள். எதிரே சற்றுத் தள்ளி அதேபோல் இன்னொரு வரிசை. நடுவில் முற்றம் என்று சொல்லலாம், சந்து என்றும் சொல்லலாம். தேங்காய் ரொட்டியும் மிளகாய் இடித்த கட்டச்சம்பலும் வந்தன. முதல் வாய்க்குக் காது அடைத்தது, இரண்டாம் வாய்க்குத் திறந்தது.

அப்போதுதான் சுவரில் இருந்த படத்தைப் பார்த்தேன். மூத்த மகளின் கல்யாணப் படம். மணமக்கள், சுற்றம், குழந்தைகள். இடது ஓரத்தில் ஒரு கை. கைக்கடிகாரத்தோடு, முழங்கை வரைக்கும். அதற்கு மேல் சட்டம்.

"அது யாரு மதினி?"

மதினியின் கணவர் சிவலிங்கம் ரொட்டியைக் கூர்ந்து பார்த்தார்.

"அது எங்க அண்ணன்," என்றார் மதினி.

கதை இதுதான். மாலை போட்டு, சீர் வைத்து, எல்லாம் செய்த தாய்மாமன் முத்தையா. படம் எடுக்க வந்த ஸ்டூடியோக்காரருக்குப் பின்னால் நகர இடமில்லை. நகர்ந்தவரை நகர்ந்து, சாக்கடைத் தண்ணீர் ஓடும் கானுக்குள் ஒரு காலை விட்டுவிட்டார். விட்ட அதிர்ச்சியில் அப்படியே அமுக்கிவிட்டார். படத்தில் மாமனின் கைதான் விழுந்தது. அதுகூடப் பரவாயில்லை. மதினி அதைச் சட்டம் போட்டு மாட்டிவிட்டார், பெண் அழகாக இருக்கிறாள் என்று. விருந்துக்கு வந்த அண்ணன் அதை நிமிர்ந்து பார்த்தார். சாப்பிடாமல் போனார். அன்றிலிருந்து இந்த வாசற்படி ஏறவில்லை, தங்கையோடு ஒரு வார்த்தை பேசவில்லை. நல்லது கெட்டதில் எதிரே பார்த்தாலும் சிவலிங்கம் வழியாகத்தான் பேச்சு. ஒரே இடத்தில் நின்றாலும் அவர் சிவலிங்கத்திடம் சொல்வார், சிவலிங்கம் திரும்பி மனைவியிடம் சொல்வார். இத்தனை வருடங்களாக மனிதர் தபால் இலாகாவாக இருக்கிறார்.

"அவரு அந்தப் படத்தைக் கழட்டச் சொல்லலையா?"

"சொன்னா கழட்டிருப்பேனே தம்பி. அத எங்கிட்ட வாயத் தொறந்து சொல்லணுமில்ல." மதினி என் பையைப் பார்த்தார். "ஒங்க பொட்டியில எங்க அண்ணன் அடங்குமா?"

*

மறுநாள் முற்றத்தில் சோதனை. எதிர் லயத்து ராமாயி அக்காவின் சுவரில் முதுகை ஒட்டிக்கொண்டு நின்றேன். அதற்கு மேல் போக வழியில்லை.

முதலில் நெல்லிக்காய், இருபத்தெட்டு. ரேஞ்ச்ஃபைண்டரின் ஜன்னலுக்குள் வெளிச்சக் கோடுகளால் ஒரு கட்டம் தெரியும். அதற்குள் இருப்பதுதான் படத்தில் விழும். இருபத்தெட்டுக்கான கட்டம் ஜன்னலின் விளிம்பையே தொட்டுக்கொண்டு இருக்கும். மூக்குக்கண்ணாடி போட்டவன் கண்ணை அவ்வளவு கிட்டே கொண்டுபோக முடியாது. கண்ணாடியோடு பார்த்தால் கோடு தெரியவில்லை. கழற்றினால் கோடு தெரிகிறது, லயம் தெரியவில்லை. குத்துமதிப்பாக எடுத்தேன். ஓரத்தில் நிற்கவைத்த சிவலிங்கத்தின் பாதி உடம்பைக் காணோம்.

"இதுல நானும் கோவிச்சுக்கலாமா?" என்றார் அவர், கொஞ்சம் ஆசையோடு.

அடுத்தது இருபத்தொன்று. இதற்கு அந்த ஜன்னலே போதாது. கேமராவின் தலையில் கொண்டை ஊசி குத்துவதுபோல் தனியாக ஒரு கண்ணாடிக் குமிழ் மாட்டவேண்டும். கீழ் ஜன்னலில் இரண்டாகத் தெரியும் உருவத்தை ஒன்றாக்கிக் கூர்மை பார்க்கவேண்டும். பிறகு மேல் குமிழுக்குத் தாவி ஓரம் பார்க்கவேண்டும். கீழே, மேலே, கீழே, மேலே. லயமே வாசலுக்கு வந்துவிட்டது.

"கோழி தண்ணி குடிக்கிற மாதிரியே இருக்கு," என்றாள் மணப்பெண்.

ஆனால் எல்லோரும் விழுந்தார்கள். இந்த ஓரம் முதல் அந்த ஓரம் வரை, கூரையும் வானமும் சேவலும் உட்பட. ஒரே ஒரு சங்கடம். அகலமான லென்ஸ் ஓரத்தில் நிற்பவரைப் பக்கவாட்டில் இழுத்துவிடும். ஓரத்தில் நின்ற ராமாயி அக்கா திரையில் தன்னைப் பார்த்தார்.

"இது யாரு?"

"நீதான்க்கா. இனிமே ஒனக்கு லயத்துல ஒரு ரூம் பத்தாது, ரெண்டு காம்பராவா கேட்டு வாங்கு," என்றது கூட்டம்.

செய்தி தோட்டத்தின் மேல் டிவிசன் வரைக்கும் போய்விட்டது. நடுவில் நின்றால் நாமாக இருப்போம், ஓரத்தில் நின்றால் பூசணிக்காய். சாயங்காலத்துக்குள் நடுவிடத்துக்கு ஆளுக்காள் துண்டு போட்டுவிட்டார்கள்.

மதினி மட்டும் சிரிக்கவில்லை. "அண்ணன் தேயிலச் செடி வெட்டுற கவ்வாத்துக் கத்தி மாதிரி ஒல்லி தம்பி. வெட்டுனதுக்கே இவ்வளவு கோவம். வீங்க வச்சா?"

*

அண்ணன் இருந்தது பசறைக்கு மேலே இன்னொரு தோட்டத்தில். நானும் சிவலிங்கமும் அழைக்கப் போனோம். முத்தையா மச்சான் ஓய்வுபெற்ற கங்காணி. விடிகாலையில் பெரட்டுக் களத்தில் ஆட்களை எண்ணி மலைக்கு அனுப்பியே காலத்தைக் கழித்தவர். உண்மையிலேயே கத்திதான். பக்கவாட்டில் திரும்பினால் காணாமல் போனார்.

"வாங்க மாப்ள," என்று என்னை வரவேற்றார். சிவலிங்கத்திடம், "அவுங்க வீட்டுல எல்லாரும் சொகமா மச்சான்?" சொந்தத் தங்கையின் வீட்டைத்தான் அப்படிக் கேட்டார்.

"சொகந்தான் மச்சான். பார்வதி நேர்ல வந்து கூப்புடணும்னு..."

"வரவேணாம்னு சொல்லுங்க. மாலையோட வர்றேன்னு சொல்லுங்க. சீரோட வர்றேன்னு சொல்லுங்க. தாய்மாமன் செய்யுறதுல கொறை இருக்காதுன்னு சொல்லுங்க."

சிவலிங்கம் ஒவ்வொன்றுக்கும் உதட்டை அசைத்து மனப்பாடம் செய்தார்.

"போட்டோ?" என்றேன் நான்.

அவர் கையிலிருந்த தேத்தண்ணிக் கோப்பை பாதி வழியில் நின்றது. "மாப்ள, மழையில பனியில ஆள் எண்ணுனவன் நான். ஒரு தலை தவறவிட்டதில்ல. என் தலைய ஒருத்தன் தவறவிட்டுட்டான். அதக் கண்ணாடி போட்டு மாட்டியும் வச்சிருக்கு அந்தப் பொம்பள."

"இந்தத் தடவை நடுவுல நில்லுங்க மச்சான். மாப்பிள்ளைக்குப் பின்னாலயே."

"நடுவுலயா? பாவம் பாத்துக் குடுக்குறீங்களா?" கோப்பையை வைத்தார். "எந்த ஓரத்துல வெட்டுனானோ அதே ஓரத்துல நிப்பேன். முழுசா இருந்தா வாசப்படி ஏறுவேன். இல்லேன்னா மாலையப் போட்டுட்டு அங்கேருந்தே பஸ்ஸு."

ஓரத்தில் நின்றால் என்ன ஆகும் என்று நான் சொல்ல வாயெடுத்தேன். சிவலிங்கம் என் காலை மிதித்தார்.

திரும்பும் பஸ்ஸில் வழியெல்லாம் யோசித்தேன். இருபத்தெட்டு என்றால் ஆள் இளைக்காமல் பெருக்காமல் அப்படியே இருப்பார், விழுந்தால். இருபத்தொன்று என்றால் கட்டாயம் விழுவார், வேறு ஒருவராக. ரபீக்குக்கு போன் போட்டேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "நான் கேமரா விக்கிறவன்டா, பஞ்சாயத்து பண்றவன் இல்ல," என்று வைத்துவிட்டான்.

*

கல்யாணம் தோட்டத்து மாரியம்மன் கோயிலில். தாய்மாமன் மாலையோடு வந்தார், சீரோடு வந்தார். மேளம் ஓயும் இடைவெளிகளில் சிவலிங்கத்தின் தபால் ஓடியது. "தேங்காய் அந்தப் பக்கம் இருக்குன்னு சொல்லுங்க." "இருக்காம்." "பாத்துட்டேன்னு சொல்லுங்க." "பாத்துட்டாளாம்." இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு குத்துவிளக்கு தூரம்கூட இல்லை.

மணமக்கள் லயத்துக்குத் திரும்பினார்கள். வீட்டுக்குள் ஏறுவதற்கு முன் வாசலில் படம். ராமாயி அக்காவின் சுவரில் முதுகை ஒட்டினேன். இருபத்தொன்றை மாட்டியிருந்தேன்; வெட்டுவதைவிட வீங்கவைப்பது பாவம் குறைவு என்று முடிவு செய்திருந்தேன்.

எதிரே தள்ளுமுள்ளு. ஓரம் போக யாரும் தயாரில்லை. சம்பந்தியம்மா நடுவிலிருந்து நகர மறுத்தார். மாப்பிள்ளையின் சித்தப்பா தன் மனைவியை ஓரத்துக்குத் தள்ளப் பார்த்து, வாங்கிக்கட்டிக்கொண்டார். இடது ஓரத்தில் மட்டும் ஒரு சண்டையும் இல்லை. அங்கே முத்தையா மச்சான் தனியாக, விறைப்பாக, கைக்கடிகாரம் கட்டிய கையை மார்போடு மடித்து வைத்துக்கொண்டு நின்றார்.

கீழ் ஜன்னல். இரண்டு முத்தையாக்கள் தெரிந்தார்கள். வளையத்தைத் திருகி இருவரையும் ஒன்றாக்கினேன். மேல் குமிழ். என் சட்டையை யாரோ பக்கத்திலிருந்து பிடித்து இழுத்தார்கள்.

"அண்ணன் விழுறாரா தம்பி?" காதுக்குள் மதினியின் குரல்.

"விழுறார்."

"அந்தக் கை?"

"அதுவும்."

"காலு? செருப்பு வரைக்குமா?"

"மதினி, சட்டைய விடுங்க, ஆடுது."

அமுக்கினேன். ஒன்று போதாதென்று இன்னும் இரண்டு. பிறகு யாரும் கலையவில்லை; எல்லோரும் முத்தையா மச்சானையே பார்த்தார்கள். அவர் முற்றத்தைக் கடந்து வந்தார். கேமராவை இரண்டு கையாலும் வாங்கி, வெயில் படாமல் தோளைத் திருப்பி, திரையை முகத்துக்குக் கிட்டே கொண்டுபோனார். மதினியின் மூச்சு என் கழுத்தில் பட்டது.

"யாரு மாப்ள இது, ஓரத்துல ஒரு தொரை?"

"நீங்கதான் மச்சான்."

"நானா?" தோள் இரண்டு ஆள் அகலம். நெஞ்சு பங்களா வாசற்கதவு. "இவ்வளவு ஒடம்பு எனக்கு எப்ப வந்திச்சு?"

அவர் தன்னை மேலிருந்து கீழாகப் பார்த்தார். கால், செருப்பு, கை, கடிகாரம். முழுசு. முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. பிறகு ஆள்காட்டி விரலை நீட்டி, இடது ஓரத்திலிருந்து ஒவ்வொரு தலையாக நகர்த்திக்கொண்டே போனார். உதடு அசைந்தது. பழக்கதோஷம். பெரட்டு எண்ணுகிறார். வலது ஓரத்தில் பூசணிக்காயாகிப்போன சித்தப்பா வரைக்கும் போய், விரல் நின்றது. திரும்ப முதலிலிருந்து எண்ணினார்.

"ஒரு ஆள் கொறையுது."

"எல்லாரும் இருக்காங்களே மச்சான்," என்றார் சிவலிங்கம்.

"கொறையுதுங்கிறேன்." தலையைத் தூக்கினார். மணப்பெண்ணைப் பார்த்தார், மாப்பிள்ளையைப் பார்த்தார், கூட்டத்தைப் பார்த்தார். என் தோளுக்குப் பக்கத்தில் பார்த்தார்.

"ஏய் பார்வதி! நீ எங்கடி?"

சிவலிங்கம், வருடக்கணக்கான பழக்கத்தில், மனைவி பக்கம் திரும்பினார். "ஒங்க அண்ணன் கேக்குறாரு, நீ எங்கன்னு."

"கேட்டுச்சு," என்றார் மதினி.

"போட்டோ புடிக்கிறவரு பக்கத்துல ஒனக்கு என்னடி வேலை? பெத்தவ நீயா, இல்ல பக்கத்து வீட்டுக்காரியா?"

"நீ போட்டோவுல இருக்கியான்னு பாத்துக்கிட்டு இருந்தேண்ணே."

"நான் இருக்கேன். நீ இல்லாத போட்டோவுல நான் மட்டும் இருந்து என்னத்தப் பண்ண? வா இங்க!"

மணிக்கட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். கூட்டம் திரும்ப நின்றது. இந்தத் தடவை நடுவுக்கும் ஓரத்துக்கும் யாரும் அடித்துக்கொள்ளவில்லை; பசி. நான் கோழியாகிக் குனிந்து நிமிர்ந்தேன். இடது ஓரத்தில் இரண்டு பேர். அவர் கேமராவைப் பார்க்கவில்லை, தங்கையைப் பார்த்துத் திட்டிக்கொண்டிருந்தார். மதினியும் கேமராவைப் பார்க்கவில்லை. அழுகிறாரா சிரிக்கிறாரா என்று அந்தச் சின்னக் குமிழில் எனக்குத் தெரியவில்லை. லென்ஸ் இரண்டு பேரையும் இழுத்து விரித்து ஒருவர்மேல் ஒருவர் சாய்த்துவிட்டிருந்தது. அமுக்கினேன்.

அதே வேகத்தில் அவர் வாசற்படி ஏறினார். ஏறியதை அவர் கவனித்தாரா என்றே சந்தேகம், வாய் நிற்கவில்லை.

பந்தியில் நான் அவருக்கு எதிர் இலை. சாம்பார்க் கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு இடது கையால் ரபீக்குக்கு எழுதினேன்: "இருபத்தொன்னு எனக்கு." ஓரமெல்லாம் இழுக்குமேடா என்று பதில் வந்தது. அதுக்குத்தான் என்று எழுதினேன்.

சிவலிங்கம் என் பக்கத்தில் உட்கார்ந்து, யாருக்கும் எதையும் சொல்லவேண்டிய அவசியமில்லாமல், வாயை முழுக்கச் சோற்றுக்கே கொடுத்திருந்தார். மதினி ரசத்தோடு வந்து அண்ணனின் இலைக்கு முன்னால் நின்றார். அண்ணனோ, மூத்தவளின் கல்யாணத்தில் தொடங்கி, அதற்கப்புறம் வந்த தீபாவளி, பொங்கல், திருவிழா என்று வரிசையாகத் திட்டிக்கொண்டு வந்து, இன்னும் போன வருடத்தைத் தொடவில்லை.

"அண்ணே, ரசம் ஊத்தவா?"

"ஊத்து. ஊத்திட்டு எங்கயும் போயிராத. இங்கயே நில்லு."